கீழ்த்தள வார்டின் கோப்புகள்

திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. இந்தக் கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார், இப்போது மாற்ற இயலாது என்றது. திறந்து வைத்திருப்பவர் யார் என்பதற்கு நேராக 'கீழ்த்தள வார்டு' என்று இருந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதை இன்னொரு முறை படித்தாள். கீழ்த்தள வார்டில் இப்போது கணினி என்று ஒன்று இல்லை. போன வாரம்தான் அதைக் கழற்றி, ஒயர்களைச் சுருட்டி, அட்டைப்பெட்டியில் போட்டு வண்டியில் ஏற்றினார்கள். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். கணினி மட்டுமா, கட்டில், மெத்தை, சுவரில் இருந்த விசிறி வரைக்கும் எல்லாம் புதுக் கட்டடத்துக்கோ ஏலத்துக்கோ போய்ச் சேர்ந்துவிட்டன. இந்தப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் மிச்சம் இருப்பது மாடியில் இந்தப் பதிவறை, அதன் மூலையில் இரைந்துகொண்டிருக்கும் பழைய சர்வர், அவள், வாசலில் வாட்ச்மேன். அவ்வளவுதான்.

சிஸ்டம்காரருக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் வீட்டில் டிவி அலறியது.

"அது ஒண்ணும் இல்ல மேடம். யாரோ என்னைக்கோ மூடாம விட்டுட்டுப் போயிருப்பாங்க. அந்தக் கிழட்டு சர்வர் இன்னும் அதை நெனச்சுட்டு உக்காந்திருக்கு. மறுபடி முயற்சின்னு ஒரு பட்டன் இருக்கும், தட்டுங்க."

"தட்டினா போதுமா?"

"போதும். அப்புறம், இன்னொரு பெட்டி அடிக்கடி வரும். சில விஷயங்கள் புது வடிவத்துல வராது, தொடரலாமான்னு கேக்கும். அதுக்கு யோசிக்கவே வேணாம், தொடர்னு அமுக்கிட்டே போங்க. நாளைக்குக் காலைல சர்வரைக் கழட்ட ஆள் வந்துடுவாங்க. அதுக்குள்ள முடியலன்னா பெரிய டாக்டர் என் தோலை உரிச்சு வாசல்ல தொங்க விட்டுருவாரு."

வேலை சிக்கலானதல்ல. கீழ்த்தள வார்டில் படுத்த ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எக்செல் கோப்பு உண்டு. மணிக்கு ஒரு முறை நர்ஸ்கள் அதில் காய்ச்சல், நாடி, மூச்சு, பத்துக்கு எத்தனை வலி என்று தட்டி வைத்திருப்பார்கள். எல்லாம் பழைய வடிவம். புதுக் கட்டடத்தின் மென்பொருளில் அவை திறக்காது. ஆகவே சிஸ்டம்காரர் ஒரு நிரலை எழுதி ஓட விட்டிருந்தார். அது ஒவ்வொரு கோப்பாகத் திறக்கும், புது வடிவத்தில் சேமிக்கும், பழையதை அழிக்கும், அடுத்ததுக்குப் போகும். இடையில் பெட்டி வந்து நின்றால் தட்டிவிட ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள் அவள்.

மறுபடி முயற்சி என்பதைத் தட்டினாள். இந்த முறை திறந்தது. சில விஷயங்கள் வராது, தொடரலாமா? தொடர். கட்டங்கள் ஒரு கணம் திரையில் விரிந்து, எண்கள் கண்ணில் படுமுன்னே மூடிக்கொண்டன.

கீழே யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல் அல்ல. நெஞ்சில் கட்டிய சளியைப் பெயர்த்தெடுக்க முடியாமல் பாதியில் தோற்றுப்போகிற, பின்னாலேயே ஒரு நீண்ட இழுப்போடு முடிகிற, வயதான ஆணின் இருமல். மழைக்கு யாராவது ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைத்தாள். காலையிலிருந்தே மழை. சன்னலுக்கு வெளியே வானம் பழைய அலுமினியப் பாத்திரத்தின் அடிபோல மங்கிக் கிடந்தது. தாழ்வாரக் கூரையில் விழுந்த தண்ணீர் எங்கேயோ ஒரு தகரத்தில் விட்டுவிட்டுச் சொட்டியது. நெடுநாள் பூட்டிக்கிடந்த காகிதங்களின் புழுங்கல் வாடை ஈரத்தில் இன்னும் கனத்து அறை முழுக்க நின்றது.

தொடர். தொடர். கோப்புகள் கண்சிமிட்டிக் கண்சிமிட்டி மூடின.

இந்தக் கட்டடத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததே கணவன் செத்ததால்தான். அவர் இதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். கணையம் வீங்கி, தான் பழுது பார்த்த லிஃப்ட் பக்கத்திலேயே, கீழ்த்தள வார்டில் படுத்து, அங்கேயே போய்விட்டார். கருணை அடிப்படையில் அவளுக்குப் பதிவறை. சேர்ந்த நாளிலிருந்து அவள் வார்டுப் பக்கமாக நடந்ததில்லை. சுற்றுவழியென்றாலும் பின்படிக்கட்டுதான். வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது அவளும் மகளும் அவருடைய கேலிகளை மட்டும்தான் பேசுவார்கள். அவர் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்து, "சார், உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே" என்பது. அவள் கோபமாக இருந்தால், "மேடம், லோடு அதிகம், ரெண்டு பேரு இறங்கிக்கங்க" என்பது. கடைசி நாட்களை அவள் ஒரு துணியில் முடிந்து பரணில் எறிந்துவிட்டிருந்தாள்.

கீழே இருமலோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது. இந்த முறை பெண். இருமல்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் விடுகிற மூச்சு, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒரு சின்ன முனகல்.

வாட்ச்மேனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, கீழ யாரையாவது உள்ள விட்டீங்களா?"

"யாரை விடப் போறேன்? ஒரு நாய்கூட ஒதுங்கலம்மா இன்னைக்கு."

"வார்டுல சத்தம் கேக்குது. கொஞ்சம் பாருங்களேன்."

"பாக்குறேன். எலியா இருக்கும். அதுங்களுக்கும் காலி பண்ணச் சொல்லி ஆர்டர் போகல பாருங்க."

அவர் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் சரக் சரக்கென்று நடந்து போனது. நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு போனில் அவர் குரல் வந்தபோது அதில் கேலி இல்லை.

"அம்மா. பூட்டு அப்படியே இருக்கு. சாவி என்கிட்டதான் இருக்கு."

"அப்புறம்?"

"உள்ள ஆள் இருக்காங்க."

"எத்தனை பேரு?"

"தெரியாது. கிளம்புங்க. பையை எடுத்துட்டுப் பின்பக்கமா இறங்கிடுங்க. நான் வெளிய நிக்கிறேன்."

சன்னலில் எட்டிப் பார்த்தாள். வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே, தன் கூண்டில்கூட நிற்காமல், நட்டநடு மழையில் குடையின்றி நின்று அவளைப் பார்த்து வா வா என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நிஜமாகவே மாட்டினாள். கதவுவரை போனாள்.

பின்னால் சர்வரின் இரைச்சல் கொஞ்சம் ஏறி இறங்கியது. ஒரு கோப்பு திறந்து மூடியது. கீழே ஒரு குரல் கூடியது.

இன்னொரு கோப்பு. இன்னொரு குரல்.

அவள் கதவில் சாய்ந்தபடி திரையைப் பார்த்தாள். ஒரு பெயர் திரையில் வந்து போகும். அடுத்த மூச்சில் கீழே ஒருவர் அனத்தத் தொடங்குவார். இளைஞன் ஒருவனின் பெயர். பற்கள் தந்தியடிக்கும் சத்தம். ஒரு பெண்ணின் பெயர். "யாராச்சும் தண்ணி குடுங்களேன்" என்ற கெஞ்சல், அத்தனை தெளிவாக, அத்தனை அருகில். டெட்டாலும் ஸ்பிரிட்டும் வியர்வையும் கலந்த வாடை தரையின் விரிசல் வழியாக மேலே ஏறி, காகித வாடையை அமுக்கிக்கொண்டு அறைக்குள் பரவியது.

ஓடிப்போய் நிறுத்து என்பதை அமுக்கினாள். நிரல் நின்றது. புதுக்குரல் எதுவும் சேரவில்லை. ஆனால் சேர்ந்தவை ஓயவும் இல்லை. புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து மூடிப் பார்த்தாள், ஒன்றை அழித்தே பார்த்தாள். கீழே இருமியவர் இருமிக்கொண்டுதான் இருந்தார்.

நின்றுபோன நிரல் அடுத்து எடுக்கவேண்டிய கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தது. வருடம், மாதம், பெயர். அடுத்து வரப்போவது எந்த வருடம் என்று அவள் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கணவர் பெயர் திரையின் அடியில் இருந்தது.

போன் அடித்தது. மகள், சித்தி வீட்டிலிருந்து.

"அம்மா, எப்ப வருவ? சித்தி என்னைக் கணக்குப் போட வெச்சுக் கொல்லுது."

"வந்துடுறேன் குட்டி. கொஞ்ச வேலை இருக்கு."

"இருட்டுறதுக்குள்ள வந்துடு. என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சளி." போனை மறு காதுக்கு மாற்றினாள். "குட்டி, அப்பா குரல் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"பேசுனதெல்லாம் ஞாபகம் இருக்கும்மா. குரல் இல்ல. நான் நெனைக்கும்போதெல்லாம் என் குரல்லதான் வருது."

போனை வைத்த பிறகு அவள் கேட்டைப் பார்த்தாள். வாட்ச்மேன் இல்லை. கேட் திறந்து கிடந்தது. தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

போயிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நாளைக் காலையில் சர்வரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதற்குள்ளே இருக்கும் அவர் பெயரும் போய்விடும், கீழே யார் யாரோ பேசுகிறார்கள், யாருடைய வீட்டுக்காரர்களோ, அவர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, மேடம் என்று ஒரு முறை, கேட்டுவிட்டு ஓடிப்போய்விடலாம், பின்படிக்கட்டில் ஓட எத்தனை நேரம் ஆகிவிடும். இப்படி ஒரு நினைப்பு வந்தபின் கால் எப்படிக் கிளம்பும்.

பையை மேசையில் வைத்தாள். ஓட்டு என்பதை அமுக்கினாள்.

பெயர்கள் ஏறத் தொடங்கின. கீழே குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டன. கட்டில் சக்கரங்கள் தரையில் கிறீச்சிட்டன. டம்ளர் ஒன்று விழுந்து உருண்டு உருண்டு எதன்மேலோ மோதி நின்றது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. அதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

அவருடைய கோப்பு வந்தது. பெட்டி எழுந்தது.

வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார். கீழ்த்தள வார்டு.

மறுபடி முயற்சி.

வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்.

மறுபடி.

திறந்தது. மற்றவை போலக் கண்சிமிட்டி மூடாமல், சில விஷயங்கள் வராது, தொடரலாமா என்ற பெட்டியோடு, அப்படியே விரிந்து நின்றது. முதன்முறையாக அவள் ஒரு கோப்பை நிதானமாகப் பார்த்தாள். காய்ச்சல். நாடி. மூச்சு. வலி என்ற தலைப்பின் கீழே எட்டு, எட்டு, ஒன்பது, ஒன்பது, பத்து, பத்து. குறிப்பு என்ற தலைப்பின் கீழே, தூங்கவில்லை. தூங்கவில்லை. ஊசிக்கும் அடங்கவில்லை. மனைவி கூடவே இருக்கிறார். கத்துகிறார். எல்லாவற்றுக்கும் அடியில், கட்டங்கள் அத்தனையையும் ஒன்றாக்கி, வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழுத்து எழுதியிருந்தார்கள். இறந்தார்.

விரல் தானாகவே அமுங்கியது. மதியத்திலிருந்து பழகிய விரல்.

தொடர்.

புதுக் கோப்பு அதே இடத்தில் திறந்தது. அதே எண்கள். அதே தூங்கவில்லை, அதே கத்துகிறார். அடியில் அந்தக் கடைசி வரி இல்லை. ஒன்றாக்கிய கட்டங்கள் புது வடிவத்தில் வராது போலிருக்கிறது. அது இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, கீழே, கீழே, திரைக்கு அப்பாலும் போய்க்கொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் முதல் கட்டம் நிரம்பியது.

பத்து.

அவர் குரல் கேட்டது.

அவள் கேட்க நினைத்த குரல்தான். சந்தேகமே இல்லை. பத்து வருடம் ஒரே பாயில் படுத்தவளுக்குத் தெரியாதா. ஆனால் அது மேடம் என்று சொல்லவில்லை. வார்த்தையே சொல்லவில்லை. வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி, தொண்டையில் கிழிந்து, அம்மா என்று ஆவதற்கு முன்னாலேயே உடைந்து போகிற அந்தச் சத்தம். அவள் முடிந்து பரணில் எறிந்த சத்தம்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நர்ஸ்கள் எதை எழுதினார்களோ அது வந்திருக்கிறது. கேலியை யாரும் எழுதவில்லை. கண்ணாடி, ஷேவிங், மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு லிஃப்ட் மாதிரி மேலே கீழே ஆட்டியது, எதுவும் எந்தக் கட்டத்திலும் இல்லை. வலி மட்டும் வந்திருக்கிறது. முடிவு வரவில்லை.

பழைய கோப்பைத் தேடினாள். அழிந்துவிட்டது. குப்பைத் தொட்டியில் பார்த்தாள். இல்லை. புதுக் கோப்பின் அடியில் தானே தட்டினாள். இறந்தார். எழுத்துகள் ஒரு கணம் நின்றன. பிறகு அவற்றின் மேல் எண் வந்தது. பத்து. திரும்பத் தட்டினாள். பத்து. சிஸ்டம்காரரைக் கூப்பிட்டாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சர்வரின் ஒயரைப் பிடுங்கினாள். இரைச்சல் நின்றது, திரை அணைந்தது.

கீழே எதுவும் அணையவில்லை. இருட்டில், அறையின் அமைதியில், இன்னும் நன்றாகக் கேட்டது.

பின்படிக்கட்டு வலது பக்கம். அவள் இடது பக்கம், வார்டுக்குப் போகும் படியில் இறங்கினாள்.

படியில் கைப்பிடி வழுக்கியது. கீழே போகப் போகக் காற்றுச் சூடாக இருந்தது, காய்ச்சல்காரர் பக்கத்தில் குனியும்போது முகத்தில் அடிக்கிற சூடு. தாழ்வாரத்தில் வாட்ச்மேனின் ஒற்றைச் செருப்பு. வார்டின் கதவு. பூட்டு பூட்டியபடியே தாழ்ப்பாளில் தொங்கியது. கதவு திறந்திருந்தது.

உள்ளே மஞ்சள் விளக்குகள். கட்டில்கள். விற்றுப்போன கட்டில்கள், துருப்பிடித்த கால்களோடு, வரிசை வரிசையாக. அவளுக்குத் தெரிந்த வார்டு ஒரு சுவரில் முடியும். இது முடியவில்லை. கட்டில்கள் போய்க்கொண்டே இருந்தன, புள்ளியாகும்வரை, புள்ளிக்கு அப்பாலும். ஒவ்வொன்றிலும் போர்வையடியில் ஏறி இறங்கும் ஒரு நெஞ்சு.

அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. சத்தம் கூட்டிப்போனது.

மெலிந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது. கட்டிலின் ஓரத்தில் ஸ்டூலில் ஒரு பெண், முதுகைக் காட்டி, இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கசங்கிய நீலப் புடவை. அவிழ்ந்த கொண்டை. பின்கழுத்தில் ஒரு மச்சம்.

அவள் கை தன் பின்கழுத்துக்குப் போனது.

ஸ்டூலில் இருந்தவள் திரும்பினாள். நாட்கணக்கில் தூங்காத கண்கள். கன்னத்தில் உப்பாகக் காய்ந்த கண்ணீர். ஆறு வருடம் இளைய அவளுடைய முகம். அந்த முகம் அவளை அடையாளம் காணவில்லை. அவள் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைத்தான் பார்த்தது. பார்த்ததும், அந்த முகத்தில், தாங்க முடியாத ஒரு நம்பிக்கை வந்தது.

"வந்துட்டீங்களா சிஸ்டர்," என்று எழுந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள். கை கொதித்தது. "ஏதாவது போடுங்க சிஸ்டர். தாங்க மாட்டேங்குறாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

கட்டிலில் அவர் தலையைத் திருப்பினார். அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் அவளைத் தெரிந்ததற்கான எதுவும் இல்லை.

"சிஸ்டர்," என்றார். "வலிக்குது சிஸ்டர்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் முழங்கையை ஊன்றி எழுந்தார். "சிஸ்டர்."

அதற்கடுத்த கட்டிலில் ஒரு பெண். "சிஸ்டர்."

அதற்கடுத்தது. அதற்கடுத்தது. முடியாத அந்த வரிசையின் ஒவ்வொரு தலையணையிலும் ஒரு தலை திரும்பியது, ஒவ்வொரு போர்வையிலிருந்தும் ஒரு கை வெளியே நீண்டது. நீலப் புடவைக்காரி அவள் கையை விடவில்லை.